வெங்காய விலை நினைவில் நிற்கும், பிஸ்கட்டின் எடை?

புது தில்லி: ஒரு கிலோ வெங்காயம் நேற்று என்ன விலைக்கு விற்றது என்று கேட்டால் இல்லத்தரசிகள் உடனே சொல்லிவிடுவர். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் உள்ளது என்று கேட்டால், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தே பலர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடிக்கடி வாங்கும் காய்கறி, பால் போன்றவற்றின் விலையே மனதில் பதிகிறது. வெங்காய விலை ஆட்சியையே அசைத்ததுண்டு. 1998 நவம்பரில் நடந்த தில்லி சட்டப்பேரவைத் தேர்தலில் பாஜக ஆட்சியை இழந்ததற்கு வெங்காய விலை உயர்வும் முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது.

நாட்டின் பணவீக்கத்தையும் மக்கள் இந்த நினைவைக் கொண்டே எடைபோடுகின்றனர். நகர்ப்புறக் குடும்பங்கள் விலைவாசியை எப்படி உணர்கின்றன என்று இந்திய ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டு முதல் கேட்டறிந்து வருகிறது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகச் சரிந்தது. அடுத்த மாத ஆய்வில் மக்கள் கூறிய அளவோ 6 சதவீதத்துக்கும் மேல். பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிட்டதாகப் பொருளல்ல. ஏறும் வேகமே குறைகிறது. முன்பு ஏறிய விலை நினைவில் அப்படியே நிற்கிறது.

எடையில் மறையும் விலை

பாக்கெட் பொருள்களில் நிலைமை நேர்மாறானது. மூலப்பொருள் செலவு கூடும்போது, ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையை மாற்றாமல் நிறுவனங்கள் எடையைக் குறைக்கின்றன. எடை அச்சிடப்பட்டிருப்பதால் இதில் சட்டமீறல் இல்லை. ஆயினும் வாங்குவோர் கண்ணில் படுவது விலை மட்டுமே.

பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் போன்றவற்றை வரையறுக்கப்பட்ட அளவுகளில்தான் விற்க வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு, 2021-இல் செய்யப்பட்ட விதித் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்றானது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கிலும், கூடுதலானதில் கிலோ கணக்கிலும் அது இடம்பெறும்.

இங்கும் கவனம் தேவை. ஐந்து ரூபாய்க்கு 50 கிராம் என்றால் கிராம் 10 பைசா. எடை 45 கிராமானால் 11 பைசா. பார்வைக்கு ஒரு பைசாதான் வேறுபாடு. கிலோவுக்குக் கணக்கிட்டால் 100 ரூபாய்ப் பொருள் 111 ரூபாயாகியிருக்கும். வெங்காயத்தில் இந்த ஏற்றத்தை எவரும் கவனிக்காமல் விடமாட்டார்கள்.