வீட்டுக்கு ஓர் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம்: வாங்குவதற்கு முன் சில வார்த்தைகள்

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகளின் பெட்டிகளில் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் தைலப் புட்டிகளும் இருந்தன. இன்று சில வீடுகளுக்கு எஸ்பிரஸ்ஸோ காப்பி இயந்திரம் வந்து இறங்குகிறது. எங்கள் வீட்டு இயந்திரம் அப்படி வந்ததன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் நானே வாங்கியது. பெருநாளைக்கு வரும் விருந்தினருக்கு நுரை ததும்பக் காப்பி கொடுக்க வேண்டுமென்ற ஆசை! மூன்றே மாதங்களில் அது பரணுக்குப் போய்விட்டது. வீண்விரயம் கூடாதென்று மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டியைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஒரு கூச்சம்.

சென்ற விடுப்பில் என் தங்கை மகன் வந்திருந்தான். துபாயில் காப்பிக் கடையொன்றில் பணிபுரிகிறவன். "மாமா, உம்மாவுக்கு ஓர் இயந்திரம் வாங்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் பரணைக் காட்டினேன். அவன் ஏணி போட்டு ஏறி அதைக் கீழே இறக்கினான். அன்று மாலை அவனிடம் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

காப்பி நமக்குப் புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருப்பதற்காக அருந்திய 'கஹ்வா'வே உலகமெங்கும் காப்பியாயிற்று. எஸ்பிரஸ்ஸோவோ இத்தாலியர் கண்டது. 1884இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் காப்பி வடிக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிலான் நகரத்து அக்கில்லே காஜியா, நெம்புகோலால் வெந்நீரைப் பன்மடங்கு அழுத்தத்தில் செலுத்தினார். கோப்பையின் மேல் பொன்னிற நுரை படிந்தது அதன் பிறகே.

இன்றைய வீட்டு இயந்திரங்களில் அந்த அழுத்தத்தை மின் பம்பு தருகிறது. கொட்டையை அரைப்பது, தூளை வடிகிண்ணத்தில் இட்டு அழுத்துவது, உரிய நேரத்தில் நிறுத்துவது எல்லாம் நம் கை வேலை. இதனால்தான் இதனை அரைத் தானியங்கி என்கிறார்கள்.

நான் ஏமாந்த முதல் இடம், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த '15 பார்' என்னும் சொல். எண் பெரிதானால் காப்பியும் உயர்ந்ததாகுமென்று நினைத்தேன். மருமகன் சிரித்தான். அது பம்பின் உச்ச வலிமை. காப்பி இறங்கத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 9 பார். 20 என்று அச்சிட்டிருந்தாலும் அதற்காக ஒரு ரூபாய்கூட மிகுதியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிழையே பெரும்பிழை. ஃபில்டருக்கென அரைத்த சிக்கரி கலந்த தூளை நான் இயந்திரத்தில் இட்டுவந்தேன். சில நாள் பத்தே நொடியில் வெறுந்தண்ணீராய் ஓடிவிடும். சில நாள் சொட்டுகூட இறங்காது. "இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள் மாமா. சிக்கரி நீரில் கரைந்து பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் தூளின் பருமனும் இதற்கு ஒத்துவராது" என்றான். மிக்ஸியில் அரைத்தால் பொடியும் குறுணையும் கலந்தே விழும். நீர் குறுணை வழியே புகுந்து ஓடிவிடும். பற்சக்கரம் கொண்ட அரைவை எந்திரம் தேவை. ஒருவர் இருவர் குடிக்கும் வீட்டுக்குக் கையால் சுற்றுவதே போதும். கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போடாமல், மூன்றில் ஒரு பங்கையாவது அரைவைக்கு ஒதுக்குங்கள் என்பது அவன் கண்டிப்பான சொல்.

அவன் கைப்பெட்டியில் ஒரு கை அரைவையும், சிக்கமகளூர்க் கொட்டை கால் கிலோவும் இருந்தன. முதல் முறை மிக நைசாக அரைத்துவிட்டான். இயந்திரம் முனகியதே தவிர ஒன்றும் இறங்கவில்லை. சற்றுப் பருமனாக்கினான். 16 கிராம் தூளிலிருந்து 28 நொடியில் 32 கிராம் காப்பி தேன்போல் இறங்கிற்று. அதே இயந்திரம்தான்!

அரைவை வாங்க வசதியில்லாதவர்கள், அடியில் ஒற்றைத் துளை மட்டுமுள்ள இரட்டைச் சுவர் வடிகிண்ணம் கொண்ட இயந்திரத்தைக் கேட்டு வாங்கலாம். கடைத்தூளிலும் அது நுரை எழுப்பும். சுவை ஒரு படி குறைவு. பின்னாளில் அரைவை வாங்கும்போது ஒற்றைச் சுவர்க் கிண்ணம் பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் விட்டத்தையும் பாருங்கள். 1991இல் வெளிவந்த காஜியா கிளாசிக், 1997இல் வந்த ரான்சிலியோ சில்வியா இரண்டிலும் காப்பிக் கடைகளில் உள்ள 58 மில்லிமீட்டர் அளவே உள்ளது. உதிரிப் பொருள்கள் எளிதில் கிடைக்கும். டெலோங்கி டெடிகா 51 மில்லிமீட்டர். இடம் குறைவான சமையலறைக்கு ஏற்றது.

அமெரிக்காவிலிருந்து எவரேனும் கொண்டுவந்தால் எச்சரிக்கை: அங்கே 120 வோல்ட், இங்கே 230. துபாய் இயந்திரம் நம் மின்சாரத்திற்கு ஒத்துவரும். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அங்குள்ள கடையின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதைக் கேட்டறிவது நல்லது. எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைத்துவிடும். உப்புக் குறைந்த நீரையே ஊற்றி, கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது படிவை நீக்க வேண்டும்.

இவையனைத்தையும்விட முக்கியமான கேள்வியைக் கேட்டவர் என் தாயார். நுரைத்த பாலுடன் ஒரு கோப்பையை அவரிடம் நீட்டினோம். ஒரு வாய் பருகிவிட்டு, "சூடே இல்லையே வாப்பா!" என்றார். நீராவியில் நுரைக்கும் பாலை ஏறத்தாழ 65 பாகைக்கு மேல் சுடவைத்தால் அதன் இனிப்புச் சுவை கெடும். நம் பெரியவர்களோ கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகியவர்கள். "சரி, எட்டுப் பேர் வந்தால் எத்தனை நேரமாகும்?" என்று அடுத்துக் கேட்டார். மருமகன் விழித்தான். தொடக்க நிலை இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரே கொதிகலன். காப்பியை இறக்கியபின் நீராவிக்குக் காத்திருக்க வேண்டும். கோப்பைக்கு நான்கு நிமிடமென்றாலும் எட்டாவது விருந்தாளியின் கைக்கு வர அரைமணி ஆகும். ஃபில்டரில் இறங்கிய டிகாஷன் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் போதும். பெருநாள் விருந்துக்கென்று இயந்திரம் வாங்கிய என் கணக்கு எங்கே பிழைத்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

தங்கை வீட்டில் காப்பி குடிப்பவர்கள் மூவர். மருமகன் இம்முறை அந்தக் கை அரைவையை மட்டும் உம்மாவிடம் விட்டுச் சென்றிருக்கிறான். இயந்திரத்தை அடுத்த விடுப்பில் பார்த்துக்கொள்ளலாமென்றான். எங்கள் வீட்டு இயந்திரம் மீண்டும் பரணுக்குப் போகவில்லை. அஸருக்குப் பின் எனக்கும் என் மனைவிக்குமாக இரண்டு கோப்பை இறங்குகிறது. தங்கை வீட்டிலிருந்து அரைவையை இரவல் வாங்கி வருவதுதான் இப்போதைக்குச் சிரமம்.