காலைக் காட்டுங்க, பேரைச் சொல்றேன்!

திருப்பூரில் ஒரு நிட்டிங் மெஷின் நின்றால் அதோடு போகாது. துணி வராவிட்டால் டையிங் இல்லை. டையிங் இல்லாவிட்டால் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லாவிட்டால் டெய்லர்கள் டீக்கடையில்! தூத்துக்குடியில் நிற்கிற கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. மெர்ச்சன்டைசர் வேலை பார்க்கிற தம்பிகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அப்படி நின்றுபோன 24 டயா மெஷின் ஒன்றின் கன்ட்ரோல் போர்டு, பி.என். ரோடு பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு ரிப்பேர் அறைக்கு மஞ்சள் பையில் வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"லைட்டெல்லாம் எரியுதுங்ணா. ஸ்டார்ட் பட்டனை அமுக்குனா ரிலே 'டிக்'குனு சத்தமே போட மாட்டேங்குது. காலைல ஓடலைன்னா முதலாளி என்னைத் தொங்க விட்டுருவாருங்க" என்றார் கொண்டுவந்த சூப்பர்வைசர். வயது இருபத்தைந்துதான் இருக்கும். முகத்தில் ஐம்பது.

அண்ணன் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சிரித்தார். ரிலேக்களுக்குப் பக்கத்தில் பதினாறு காலோடு ஒரு ஐ.சி. அதன் முதுகில் நம்பரே இல்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்கள்!

போர்டு செய்கிறவர்களில் சிலர் இப்படிச் செய்வதுண்டு. யாரும் காப்பி அடிக்கக் கூடாது. ரிப்பேர் என்றாலும் தங்களிடமே வரவேண்டும். (நம்பர் இருந்தாலும் நம்ப முடியாது என்பது வேறு விஷயம். பழைய சிப்பைத் தேய்த்துப் புது நம்பர் அடித்து விற்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.)

"முதுகைத் தேய்க்கலாம். காலை மாத்த முடியாதுங்களே!" என்றார் அண்ணன்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் முளைத்த இந்தக் கரப்பான்பூச்சி வடிவம் 1964-ல் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் கம்பெனியில் பிறந்தது. ஒரு ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். அதை மேலே வைத்துக்கொண்டு, இடது மேல் காலில் ஆரம்பித்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். எந்தக் காலில் கரன்ட் நுழைகிறது, எது கிரவுண்டு என்பது ஒவ்வொரு சிப்புக்கும் நிரந்தரம். கொங்கு நாட்டில் புது ஆளைப் பார்த்ததும் "எந்த ஊருங்க, யாரு வீட்டுப் பையனுங்க?" என்று ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி இந்த இரண்டு கால்களை வைத்துத்தான் விசாரணை தொடங்கும்.

74 வரிசை சிப்புகளில் பெரும்பாலும் பதினாலு கால் என்றால் 7 கிரவுண்டு, 14 சப்ளை. பதினாறு கால் என்றால் 8-ம் 16-ம். ஏடாகூடங்களும் உண்டு. 7490 என்ற கவுன்டர் சிப்பில் சப்ளை 5-வது கால், கிரவுண்டு 10-வது! எல்.எம். 324-ல் சப்ளை 4, கிரவுண்டு 11. விதியை மீறுகிறவன்தான் சீக்கிரம் மாட்டுவான்.

நம் ஆசாமியும் மீறியிருந்தான். மீட்டரை 'பீப்'பில் வைத்துத் தடவினால் 8 கிரவுண்டு, சரி. ஆனால் 16-வது கால் 5 வோல்ட்டுக்குப் போகவில்லை, ரிலே ஒன்றுக்குப் போகிறது. 10 முதல் 16 வரை ஏழு காலும் ஏழு ரிலேக்களுக்கு. எதிர்வரிசையில் 1 முதல் 7 வரை பிராசஸரிலிருந்து வருகிறது. 9-வது கால் 24 வோல்ட் லைனில்!

"யு.எல்.என். 2003" என்றார் அண்ணன், டீயை உறிஞ்சியபடி.

ரிலேக்களை இழுக்க ஏழு டார்லிங்டன் ஜோடிகளை ஒன்றாக அடைத்த சிப் அது. ஆனால் இதே கால் அமைப்பில் 2004 என்று ஒரு தம்பியும் உண்டு. வித்தியாசம் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரில். 2003-ல் 2.7 கிலோ ஓம், 2004-ல் 10.5. தம்பியை 5 வோல்ட்டில் போட்டால் பெரிய லோடை இழுக்கத் திணறலாம். இங்கே பிராசஸர் 5 வோல்ட். ஆகவே அண்ணனேதான்!

சிப்பைக் கழற்றி, 9-வது காலுக்கும் ரிலேக் கால்களுக்கும் நடுவே டயோடு சோதனை செய்தார். ஆறு கால்கள் 0.7-க்குப் பக்கமாகக் காட்டின. ஏழாவது கப்சிப். ஸ்டார்ட் ரிலேவுக்குப் போகிற கால் அதுதான். டப்பாவைத் துழாவிப் புதுசு ஒன்றை எடுத்து மாட்டினார். 'டிக்'!

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. "எல்லாத்தையும் இப்படியே கண்டுபிடிச்சரலாமாங்ணா?"

அண்ணன் சிரிக்கவில்லை. அதே போர்டில் இருந்த நாற்பது கால் சிப்பைத் தொட்டுக் காட்டினார். அதுவும் மொட்டைதான். "20 கிரவுண்டு, 40 சப்ளை, 18-லயும் 19-லயும் கிரிஸ்டல், 9 ரீசெட். 8051 குடும்பமுங்க. பேரு தெரிஞ்சு என்ன பண்றது? புரோகிராம் உள்ள இருக்குது, பூட்டி வெச்சிருப்பாங்க. புதுசு வாங்கிப் போட்டா வெறும் பொம்மை. இது போயிருந்தா, மெஷின் வித்தவன் கால்லதான் விழோணும். எத்தனை நாளு ஆகுமோ, எவ்வளவு கேப்பானோ..."

சூப்பர்வைசர் போர்டைக் குழந்தை மாதிரி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அண்ணன் அதற்குள் அடுத்த போர்டை எடுத்துவிட்டார். எட்டுக் கால், மொட்டை முதுகு.

"4 கிரவுண்டு, 8 சப்ளை. எல்.எம். 358-ஆ இருந்தா தப்பிச்சோம் சார். செட்டிங் எல்லாம் பதிஞ்சு வெக்கிற 24சி02-வா இருந்தா..." என்று நிறுத்தி, மீட்டர் முனையை 5-வது காலில் வைத்தார்.