மலிவுத் தராசின் மறைவான விலை



புதிதாகக் கடை திறக்கின்ற ஒருவர் பெயர்ப்பலகைக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் தாராளமாகச் செலவிடுகின்றார். தராசு என்று வந்ததும், சமையலறைப் பாவனைக்கென உற்பத்தி செய்யப்பட்ட மலிவான சுருள்வில் தராசொன்றை வாங்கி வைத்து விடுகின்றார். அன்று மீதமான பணம் கண்ணுக்குத் தெரிகின்றது. அதன் பின்னர் நாள்தோறும் வெளியேறுவது தெரிவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 20 கிராம் பிழை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிலோ சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கும் கடையில் அது 2 கிலோ. 300 நாட்களில் 600 கிலோ. கூடுதலாகக் கொடுத்திருந்தால் கடைக்காரர் தமது முதலை இழக்கின்றார். குறைவாகக் கொடுத்திருந்தால் விடயம் பாரதூரமானது. அந்த 600 கிலோவும் எத்தனையோ குடும்பங்களின் ஹக்கு. திருப்பிக் கொடுக்க நாடினாலும் யாரைத் தேடிப் போவது?

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரின் பெயரிலேயே அல்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் அமைந்துள்ளது. அது வேண்டுமென்றே மோசடி செய்வோருக்குரிய எச்சரிக்கையல்லவா என்று சிலர் வினவலாம். அறியாமல் நிகழும் பிழையும் மோசடியும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும், எண்ணத்தில் குற்றமில்லை என்பதற்காகப் பிறர் பொருள் நம்முடையதாகி விடாது. சந்தேகம் எழுந்த பின்னரும் தராசைச் சோதிக்காதவரை அறியாதவர் என்று எவ்வாறு கூறுவது?

ஹிஜ்ரி 450 இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் மாவர்தீ, தமது 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் பணிகளுள் தராசுகளையும் நிறைகற்களையும் சோதிப்பதையும் சேர்த்துள்ளார். வியாபாரியின் நேர்மையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, கருவியையும் பார்த்தார்கள். நம் நாட்டிலும் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ், வியாபாரத் தராசுகள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்.

வெறுந்தட்டோடு முள் பூச்சியத்தில் நிற்கின்றதே என்று ஆறுதலடைய வேண்டாம். தளர்ந்துபோன சுருள்வில் பாரம் ஏறும்போது கூடுதலாக நீளும்; 980 கிராமையே ஒரு கிலோவாகக் காட்டும். ஆகவே முத்திரையிட்ட நிறைகற்களை வைத்தே சோதிக்க வேண்டும். ஒரே கல்லைத் தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வைக்கும்போது வாசிப்பு மாறுமாயின், அத்தராசு வியாபாரத்திற்கு உதவாது.

இது கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. அரைப் பாகை பிழையான ரசமட்டத்தை நம்பி மேசன் எழுப்பும் 3 மீற்றர் உயரச் சுவர், உச்சியில் ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் சாய்ந்திருக்கும். அதை மறைக்க அப்பும் மேலதிகச் சாந்தின் விலையை வீட்டுக்காரர் செலுத்துகின்றார், காரணம் அறியாமலே. ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். பின்னர் அதே இடத்தில் மறுபக்கம் திருப்பி வையுங்கள். இரு தடவையும் குமிழி ஒரே விதமாக நிற்க வேண்டும். மகனுக்கு முதல் கருவி வாங்கச் செல்லும் தந்தை, பணம் கொடுப்பதற்கு முன்னர் கடையிலேயே இதை அவனுக்குச் செய்து காட்டலாம்.