கூண்டுக்குள் ஒரு புதிய மேடை

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் ஒரே ஆட்டத்தில் கலந்தது எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புப் போட்டி. 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. அமைப்பு தன் முதல் போட்டியை நடத்தியது. பிறகு சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளிலும் போட்டி அமைப்புகள் முளைத்தன.

இந்த நெரிசலுக்குள் 2012 மார்ச்சில் மும்பையில் இறங்கியது சூப்பர் ஃபைட் லீக். தொடங்கியவர்கள் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும். முதல் நாளின் பெரிய மோதல் பாப் சாப், ஜேம்ஸ் தாம்சன் என்ற இரு வெளிநாட்டு வீரர்களுக்கிடையே. முதல் சுற்றிலேயே முடிந்துபோனது. வெளியூர்ப் பெயர்கள் ஒரு நாள் கூட்டத்தைத்தான் சேர்க்கும். அடுத்த போட்டிக்கும் ரசிகர் வர வேண்டுமென்றால், நம் மண்ணின் வீரர் வளர்வதை அவர் பார்க்க வேண்டும்.

2019-இல் வந்த மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்ற இந்தியப் போட்டி மேடையில் அப்படி வளர்ந்தவர், உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர். உஷூ பயின்று வந்தவர். 2024 ஜூனில் யு.எஃப்.சி. போட்டியில் வென்ற முதல் இந்தியப் பெண் இவரே!

பென்னாகரத்திலும் அரூரிலும் சிலம்பமும் கபடியும் பழகும் பிள்ளைகளின் பெற்றோரே, இப்படியொரு போட்டிக்கு அழைப்பு வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: எந்த எடைப்பிரிவு? மேடையருகே மருத்துவரும் ஆம்புலன்ஸும் உண்டா? காயத்துக்குக் காப்பீடு யார் பொறுப்பு? பதில் எழுத்தில் கிடைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.