விருந்தினர் நுழையும் வாயில்



எங்கள் கண்டரமாணிக்கத்தில் பழைய வீடுகள் சில, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். பின்வாசலில் நின்று தட்டுகிறவனுக்கு முகப்பில் அமர்ந்திருப்பவர் குரல் கேளாது. அதற்காக வீட்டில் ஆளில்லை என்று முடிவு கட்டலாகுமோ? சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது என் தமக்கை மகள் அத்தகைய முடிவுக்குத்தான் வந்திருந்தாள்.

அவள் கல்லூரி மாணவி. தன் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளால் ஒரு மெய்நிகர் பொறியை அமைத்து, அதனுள் சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவியிருந்தாள். இவ்வாறு பொறிக்குள் பொறியில் குடியேறுவதை விருந்தினர் இயங்குதளம் என்பர்.

"அம்மான், மூன்று மாத வேலை போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறேன்" என்றாள். கறுத்த திரையில் 'ஷெல்' என்றொரு சொல், அருகே கண்சிமிட்டும் கோடு, வேறொன்றுமில்லை.

"அழிக்காதே. நேற்று எதை மாற்றினாய்?" என்றேன்.

2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 புதிய தொடக்க முறையையே வேண்டுகிறது என்று எங்கோ படித்திருக்கிறாள். புதியது எதற்கும் நல்லதுதானே என்றெண்ணி, அமைப்புப் பக்கத்தில் ஈ.எஃப்.ஐ. என்ற கட்டத்தில் ஒரு குறி இட்டுவிட்டாள்.

விழித்தெழும் கணிப்பொறிக்கு இயங்குதளம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அதைத் தேடித் தருவது ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரல். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வழிவந்த பயாஸ் முறை, வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்குள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த 512-இல் தொடக்க நிரலுக்குரியவை 446. வட்டின் பாகப்பிரிவினைப் பட்டியலுக்கு 64. எஞ்சிய இரண்டு முத்திரை. அந்தப் பட்டியலிலும் நான்கு பங்காளிகளுக்கு மேல் இடமில்லை! 446 பைட்டு என்பது ஓர் அஞ்சலட்டைச் செய்தியளவுதான். அதைக் கொண்டு ஒரு பேரியந்திரத்தை எழுப்பினார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பே.

யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையோ அந்த அட்டையைத் திரும்பியும் பாராது. வட்டில் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில், .ஈ.எஃப்.ஐ. என்று முடியும் கோப்பைத் தேடும். பழைய முறையில் நிறுவப்பட்ட வட்டில் அப்பகுதியே கிடையாது. ஆகவே வெறும் ஷெல்லில் வந்து நின்றுவிட்டது. வட்டு பழுதுறவில்லை, தட்டிய கதவுதான் வேறு.

மெய்நிகர் பொறியை முற்றிலும் அணைக்கச் சொன்னேன். ஓடும்போதோ, பாதியில் உறங்க வைத்திருக்கும்போதோ இவ்வமைப்பை மாற்ற இயலாது. குறியை எடுத்தாள். பாஸ் எழுந்தது, கோப்புகள் அனைத்தும் இருந்தன. அவள் முதலில் செய்யவிருந்தபடி எல்லாக் கோப்புகளையும் நீக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால், அவை மெய்யாகவே போயிருக்கும்.

நிறுவும்போது எந்த முறையோ, எழுப்பும்போதும் அதுவே வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் இதனைத் தலைமுறை ஒன்று, இரண்டு என்பர். பொறியைப் படைக்கும்போதே தேர்ந்தாக வேண்டும், பின்னர் மாற்ற வழியில்லை.

மறுநாள் அவள் விண்டோஸ் 11-க்கென இரண்டாவது பொறி ஒன்றை அமைத்தாள். இம்முறை குறியை இட்ட பின்னரே நிறுவத் தொடங்கினாள்.