கட்டணம் நம்முடையது, வக்கீல் பாங்கினுடையவர்!

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் ஒரு நண்பர் என்று வைத்துக் கொள்வோம். கரமனைப் பக்கம் வாடகை வீடு. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு நேமம் பக்கம் நாலு சென்ட் மனை பார்த்துவிட்டார். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மீதிக்கு வீட்டுக் கடன் கேட்டுப் பாங்கிற்குப் போகிறார். மானேஜர் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். பிறகு ஒரு முகவரியை எழுதிக் கொடுத்து, "ஆதாரங்களை எல்லாம் இந்த வக்கீலிடம் கொடுங்கள். அவர் ரிப்போர்ட் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்" என்கிறார்.

நண்பர் வக்கீலுக்குக் கட்டணம் கட்டுகிறார். ரிப்போர்ட் வருகிறது, கடனும் கிடைக்கிறது. "பாங்கு வக்கீலே பார்த்துவிட்டார், இனி எனக்கென்ன பயம்?" என்று நிம்மதியாகத் தூங்குகிறார்.

இந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரி? அந்த வக்கீல் யார்? அவரை அங்கே உட்கார வைத்தது யார்? அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? மனை வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

பட்டியலில் சேருவது எப்படி?

ஊர் ஊராகக் கொடுக்கும் கடனுக்கெல்லாம் பத்திரம் பார்க்கப் பாங்கின் சொந்தச் சட்ட அதிகாரிகளால் முடியாது. எனவே ஒவ்வொரு பாங்கும் வெளி வக்கீல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. இதைத்தான் 'பானல்' என்கிறார்கள்.

வக்கீல்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பானலில் சேர விரும்புகிறவர் பாங்கிற்கு விண்ணப்பம் எழுதுகிறார். எத்தனை ஆண்டு அனுபவம், சொத்து வழக்குகளில் பழக்கம் உண்டா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் வந்ததா, அந்தப் பாங்கிற்கே எதிராக வழக்கு நடத்துகிறாரா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கிளை மானேஜர் சிபாரிசு செய்யலாம். ஆனால் முடிவு பொதுவாக மேல் அலுவலகத்தில்தான்.

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் மாதச் சம்பளம் வரும் என்று எண்ண வேண்டாம். ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதையும் பெரும்பாலும் கடன் கேட்பவர் தலையில்தான் வைக்கிறார்கள். இடமும் நிரந்தரமில்லை. பாங்கு அவ்வப்போது பட்டியலைத் திருத்தும். பெயரை அடிக்காமலே, வேலை அனுப்பாமல் விட்டுவிடவும் அதனால் முடியும்.

என்ன பார்க்கிறார்?

முதலில் முப்பது ஆண்டுக் கதை. இன்றைய ஆதாரம், அதற்கு முந்திய முன்னாதாரம், அதற்கும் முந்தியது என்று சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏன் முப்பது? 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, அடமானம் வைத்த சொத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் உண்டு. சர்க்கார் வழக்குப் போடவும் அதே 30 ஆண்டு.

அடுத்து, சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் சான்றிட்ட நகல் வாங்கி அசலோடு ஒப்பிட வேண்டும். கலர் நகலை அசல் என்று நீட்டுகிறவர்கள் உண்டு. பிறகு வில்லங்கச் சான்று, வில்லேஜ் ஆபீசில் கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று. நம் ஊரில் பட்டா மாற்றம் என்பதை இங்கே 'போக்குவரவு' என்பார்கள். அதுவும் நடந்திருக்க வேண்டும்.

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும்தான். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல்! வீடு கட்டத் தக்க மனை 'புரயிடம்'. 2008 ஆகஸ்டு 12-ல் அமலுக்கு வந்த நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலை மனையாக்குவது எளிதல்ல. மண் அடித்து மேடாக்கிக் கல் நட்டிருந்தாலும் கணக்கில் 'நிலம்' என்று இருந்தால் வீடு எழும்புவது சந்தேகம்.

வில்லங்கச் சான்றில் எல்லாம் வந்துவிடும் என்பதும் தவறு. அசல் ஆதாரத்தைப் பாங்கில் கொடுத்து வாங்கிய கடன் பதிவாகாமலே இருக்கலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2011-ல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் வந்தது. பதிவாகாத உயில், வாரிசுச் சண்டை, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு இவற்றை வக்கீல் கேட்டு, தேடித்தான் அறிய வேண்டும்.

நிலைத்து நிற்பது எப்படி?

இங்கேதான் வக்கீலின் சங்கடம். கடன் இலக்கை எட்ட வேண்டிய கிளைக்கு ரிப்போர்ட் சீக்கிரம் வேண்டும். ஆட்சேபத்துக்கு மேல் ஆட்சேபம் எழுதும் வக்கீலை யாருக்குப் பிடிக்கும்? எல்லாவற்றுக்கும் 'சரி' எழுதினாலோ, ஒரு நாள் அவரே மாட்டிக் கொள்வார்.

2009 மார்ச்சில் ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. மோசடிக்குத் துணை போன வக்கீல், மதிப்பீட்டாளர், ஆடிட்டர் ஆகியோர் பற்றி இந்திய பாங்குகள் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கம் அந்தப் பெயர்களை மற்ற பாங்குகளுக்கு எச்சரிக்கையாக அனுப்பும். ஒரு பாங்கில் கெட்ட பெயர் எல்லா பாங்கிலும் கெட்ட பெயர்.

ஜெயில் வரைக்கும் போகுமா? ஐதராபாத்தில் விஜயா பாங்கின் கிளை ஒன்றில் நடந்த வீட்டுக் கடன் முறைகேட்டில், தவறான ரிப்போர்ட் கொடுத்ததாகப் பானல் வக்கீலையும் சி.பி.ஐ. குற்றவாளியாகச் சேர்த்தது. 2012 செப்டம்பர் 21-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் பி. சதாசிவம், ரஞ்சன் கோகோய் இருவரும், மோசடித் திட்டத்தில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல், ரிப்போர்ட் தவறு என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று தீர்ப்பளித்தனர். அலட்சியம் என்றால் அது தொழில் ஒழுங்கு பற்றிய விஷயம். ஈரோடு மாவட்டத்துக்காரரான அந்தச் சதாசிவம்தான் பின்னர் 2014 முதல் 2019 வரை கேரள கவர்னராக நம் திருவனந்தபுரத்தில் இருந்தவர்.

நமக்கு என்ன பாதுகாப்பு?

இதுவரை சொன்னதில் மனை வாங்குகிறவர் எங்கே வந்தார்? எங்கும் வரவில்லை! ரிப்போர்ட் பாங்கின் பெயருக்கு எழுதப்படுகிறது. பாங்கின் கவலை, கொடுத்த பணம் திரும்புமா என்பது. மனை தகராறில் போனாலும் கடன் போகாது. சம்பளத்திலிருந்தும் ஜாமீன்தாரிடமிருந்தும் அதை வசூலிக்க வழி இருக்கிறது. போவது நம் வாழ்நாள் சேமிப்பு.

இங்கிலாந்தில் பெரும்பாலும் வீடு வாங்குபவரின் வக்கீலே கடன் கொடுப்பவருக்கும் வக்கீல். இருவருக்கும் அவர் பொறுப்பு. இங்கே அப்படி இல்லை. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எனவே நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். அது வக்கீலைத் தண்டிக்குமே தவிர, மனையை மீட்டுத் தராது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், மலையாள ஆதாரம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீலை நமக்கென்று அமர்த்திக் கொள்ள வேண்டும். வில்லேஜ் ஆபீசில் 'நிலமா, புரயிடமா' என்று நாமே போய்க் கேட்க வேண்டும். பாங்கு வக்கீல் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்க வேண்டும். கொடுத்தால், அதில் 'இந்த இந்த ஆவணங்கள் கிடைத்தால்' என்று நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ரிப்போர்ட்டுகளில் விஷயமே அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது வக்கீலுக்குச் செலவா என்று தயங்குகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். மண்ணில் போடும் பணத்தை அளக்க வேண்டாமா?