பனியில் வாடிய கறிவேப்பிலைச் செடியை மீட்கும் முறை

பொள்ளாச்சி வட்டாரத்தில் கிணற்றடியிலோ தோப்போரத்திலோ கறிவேப்பிலைச் செடி இல்லாத வீடு அரிது. என்றும் பசுமையாய் நிற்கவேண்டிய இச்செடி, மார்கழியும் தையும் கழிவதற்குள் இலை பழுத்து உதிர்ந்து, வெறுங் குச்சியாய் நின்றுவிடுவதுண்டு. பட்டுப்போயிற்று எனக் கருதிச் சிலர் அதனை வேரோடு பிடுங்கி எறிகின்றனர். வேறு சிலர் இரக்க மிகுதியால் தினந்தோறும் நீரும் எருவும் பெய்கின்றனர். இவ்விரண்டும் பிழை. முதலில் செடியைச் சோதித்து, பிறகு பொறுத்து, உரிய காலத்தில் சிகிச்சை செய்தலே முறை.

முதிர்ந்த செடி ஒரு முதலீடாகும். கோயமுத்தூர் மாவட்டத்தில் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கங்களில் இதனைப் பெரும் பயிராகவே சாகுபடி செய்கின்றனர். அத்தகைய தோட்டத்தில் முதலாண்டு முடிவில் எக்டேருக்குச் சுமார் 400 கிலோ இலையே கிடைக்கும். ஐந்தாம் ஆண்டுக்குமேல் மூன்று மாதத்துக்கொருமுறை சுமார் 5,000 கிலோ வரை கிடைக்கும். ஆகவே ஐந்தாண்டுச் செடியைப் பிடுங்குபவர் ஐந்தாண்டு உழைப்பையும் சேர்த்தே பிடுங்குகிறார்.

வாட்டத்தின் காரணம்

கறிவேப்பிலை வெப்ப தேசத்துச் செடி. வெப்பம் 16 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் தளிர்மொட்டுகள் உறங்கிவிடும். இங்கிலாந்து முதலிய குளிர் தேசங்களில் நம்மவர் வீட்டினுள் தொட்டியில் வளர்க்கும் செடிகளும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து, வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கின்றன. நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லையெனினும், பனி மிகுந்த இரவுகளில் வளர்ச்சி மந்தமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண்ணும் அக்காலத்தில் எளிதில் உலர்வதில்லை. உறங்கும் வேர் நீரை அதிகம் உறிஞ்சாது. தேங்கிய நீரில் காற்றின்றி அழுகும். வேர் அழுகிய செடியின் இலையும் நீரற்ற செடியின் இலையைப் போலவே வாடும். அதைக் கண்டு மேலும் நீர் விடுவதே பல செடிகளின் அழிவுக்குக் காரணம்.

சோதிக்கும் விதம்

நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்க்கவும். உள்ளே பச்சையும் ஈரமும் தோன்றினால் அக்கிளைக்கு உயிருண்டு. பழுப்பாய் உலர்ந்திருந்தால், சற்றுக் கீழே மீண்டும் சுரண்டவும். தண்டு முழுதும் உலர்ந்துவிட்டாலும் வேரிலிருந்து பக்கக்கன்று எழக்கூடும். ஆதலால் சித்திரை வரை பொறுத்திருத்தல் நலம்.

சிகிச்சை

1. பனிக்காலத்தில் எரு இடலாகாது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மண் உலர்ந்த பின்னரே நீர் விடவும். நீர் தேங்கினால் வாய்க்கால் வெட்டி வடிக்கவும்.

2. மாசி மாதக் கடைசியில், பனி விலகியதும், பட்ட கிளைகளைப் பச்சைப்பகுதி வரை கூரிய கத்தியால் வெட்டவும்.

3. துளிர் கண்டதும், முதிர்ந்த செடி ஒன்றுக்குச் சுமார் 20 கிலோ மக்கிய தொழுவுரத்தைத் தூரை ஒட்டாமல் சுற்றிலும் இட்டுக் கொத்திவிடவும். புளித்த மோர் வார்க்கும் வழக்கத்தால் தீங்கில்லை. ஆயினும் அது தொழுவுரத்துக்கு ஈடாகாது.

4. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலத்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தளிர் வந்தால், அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாலையில் இலைமீது தெளிக்கவும்.

5. பூங்கொத்து தோன்றியவுடன் கிள்ளிவிடவும். செடியின் பலம் இலைக்குச் செல்லும்.

பூச்சி மருந்து பற்றிய எச்சரிக்கை

புதுத் தளிரைச் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளும் செதில் பூச்சிகளும் நாடும். இச்செடியில் நாம் உண்பது இலையையே. அதனையும் துவையலாக அரைத்துப் பச்சையாகவே உண்பதுண்டு. ஆதலால் தென்னைக்கும் பருத்திக்கும் வாங்கிய கடும் மருந்தின் மிச்சத்தை இதன்மேல் தெளிப்பது பெருந்தவறு. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவக்காரம் சேர்த்துத் தெளித்தல் போதுமானது. தெளித்த சில நாட்கள் இலை பறிக்காமலிருந்து, பிறகு நன்கு கழுவி உபயோகிக்கவும். கம்பளிப்புழுக்களையும் பச்சைப்புழுக்களையும் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனியொருவருக்கு வேண்டிய அன்னபேதி ஒரு கைப்பிடியே. சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தால் செலவு குறையும். ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிக் கொட்டையை உலர்த்திச் சேமித்து வைத்தால், மறு பனிக்காலம் கழிந்ததும் ஊருக்கே மருந்து தயாராயிருக்கும். வாடிய செடியைப் பிடுங்க மண்வெட்டி எடுக்குமுன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒருமுறை பட்டையைச் சுரண்டிப் பார்ப்பாராக.